பீச் பழம் குவிந்துவிட்டதா? ஒன்றுகூட வீணாகாமல் தீர்க்கும் வழி

பீச் பழத்தில் ஒரு சங்கடம் உண்டு. பழுக்கத் தொடங்கினால் அடுத்தடுத்த நாளிலேயே எல்லாம் பழுத்துவிடும். இன்று கல் மாதிரி இருப்பது மூன்றாம் நாள் சாறு சொட்டும், ஐந்தாம் நாள் பூசணம் பூத்து நிற்கும். பத்து கிலோ பழம் ஒன்றாக வந்து இறங்கும்போது, பயந்துபோய் மொத்தத்தையும் ஜாம் ஆக்கிவிடத்தான் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். நன்றாகக் கனிந்த பீச்சை அப்படியே கடித்துத் தின்பதற்கு மிஞ்சிய பக்குவம் கிடையாது. அப்படித் தின்று தீராததுதான் அடுப்புக்கும் ஃப்ரீசருக்கும் போக வேண்டும். எந்தப் பழம் எங்கே போக வேண்டும் என்பதை அதன் பதமே சொல்லிவிடும். அந்தப் பதத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் ஒரு மணி நேரம்

பழத்தை வந்த அன்றே பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். ஒரு துணியை விரித்து, ஒன்றையொன்று தொடாதபடி ஒரே அடுக்காகப் பரப்புங்கள். காம்புக் குழி கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். அந்தப் பக்கம் அகலமானது என்பதால் எடை பரவி நிற்கும். கூர்முனையில் நிறுத்தினால் பழத்தின் எடையே அந்த இடத்தைக் கன்ற வைத்துவிடும். இப்போதே கழுவ வேண்டாம். தோலில் இருக்கும் மெல்லிய சுணை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூசணத்துக்கு அது போதும். தின்பதற்கோ வெட்டுவதற்கோ சற்று முன்பு, ஓடும் தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவினால் சுணை பெருமளவு போய்விடும்.

சிவப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது வெயில் பட்ட பக்கத்தையும் பழத்தின் ரகத்தையும் காட்டுமே தவிர, பழுத்ததைக் காட்டாது. பார்க்க வேண்டியது அந்தச் சிவப்புக்கு அடியில் இருக்கும் நிறத்தை. காம்புக் குழியைச் சுற்றிப் பாருங்கள். அங்கே பச்சை ஓடியிருந்தால் இன்னும் காய். மஞ்சள் சதை ரகத்தில் அது பொன்னிறமாகவும், வெள்ளைச் சதை ரகத்தில் பாலேட்டு நிறமாகவும் மாறியிருந்தால் பழுக்கத் தொடங்கிவிட்டது. பிறகு கட்டை விரலின் தட்டையான பகுதியால் காம்பை ஒட்டிய தோள்பட்டையில் லேசாக அழுத்துங்கள். வயிற்றுப் பக்கத்தை யாரும் அமுக்க விடாதீர்கள். இன்று அமுக்கிய இடம் நாளை பழுப்புத் தழும்பாகும். தோள் சற்றே இறங்கிக் கொடுத்து, மூக்கருகே கொண்டுபோகும்போதே மணம் வந்தால் அன்றைக்கே தின்ன வேண்டிய பழம்.

இப்படிப் பார்த்து நான்கு குவியலாகப் பிரியுங்கள்: பச்சை மாறாத கல் பதம், அழுத்தினால் இறங்காத ஆனால் நிறம் வந்துவிட்ட செங்காய், கனிந்தது, குழைந்தோ கன்றியோ போனது. தினமும் காலையில் ஒருமுறை இதையே திரும்பச் செய்ய வேண்டும். ஒரே மரத்துப் பழமானாலும் ஒரே நாளில் ஒரே பதத்துக்கு வராது.

கன்றியதும் அழுகியதும் வேறு வேறு. கன்றிய இடம் பழுப்பாக இருக்கும், மணம் கெட்டிருக்காது. அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தாராளமாகச் சமைக்கலாம். அழுகலோ வட்டமாகப் பரவி, மேலே சாம்பல் அல்லது மங்கிய பழுப்பு நிறத்தில் பொடி பூத்திருக்கும். அது பக்கத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் பழத்துக்கும் தாவும். இவ்வளவு மென்மையான சதையில் பூசணம் கண்ணுக்குத் தெரியாமல் ஆழம்வரை இறங்கியிருக்கும். எனவே வெட்டி மிச்சம் பிடிக்கப் பார்க்காமல் முழுப் பழத்தையும் எறிந்துவிடுங்கள்.

பழுக்க வைப்பதும் குளிரில் வைப்பதும்

செங்காய்களைக் காகிதப் பையில் போட்டு, வாயை மடித்து, அறை வெப்பத்தில் வையுங்கள். பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவை பீச் தானே விடும். பைக்குள் அது தங்குவதால் ஒன்று முதல் மூன்று நாளில் கனியும். அவசரமென்றால் ஒரு வாழைப்பழத்தையோ ஆப்பிளையோ கூடவே போடலாம். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வேர்த்து அழுகிவிடும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பறித்த பிறகு பழம் மென்மையாகும், மணம் கூடும், புளிப்பு குறையும். ஆனால் இனிப்பு பெரிதாக ஏறாது. மிகப் பச்சையாகப் பறித்தது வாடிச் சுருங்குமே ஒழிய கனியாது. அதைக் காத்திருந்து பார்க்காமல் வினிகரில் போட்டுவிடுவதே நல்லது.

பீச்சைப் பாழாக்கும் பெரிய தவறு, கனியாத பழத்தை ஃபிரிட்ஜில் வைப்பது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்தான் இந்தப் பழத்துக்கு ஆகாதது. வீட்டு ஃபிரிட்ஜ் ஓடுவதும் அதே அளவில்தான். கனியும்போது, சதையைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளை இரண்டு நொதிகள் மாறி மாறி உடைக்க வேண்டும். குளிரில் அவற்றின் வேலை ஒத்துப்போகாமல், பெக்டின் கூழாகிச் சாற்றைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் பழம் அழகாக இருக்கும். கடித்தால் சாறே இல்லாமல் பஞ்சு போலவோ மாவு மாவாகவோ இருக்கும், கொட்டையைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கும். அப்படி ஆனதைத் திரும்பப் பெற வழியில்லை. வேகவைத்துக் கூழாக்க மட்டுமே உதவும்.

எனவே முதலில் வெளியே கனிய விடுங்கள், கனிந்த பிறகு மட்டும் உள்ளே வையுங்கள். மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். தின்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால்தான் மணம் திரும்பும்.

கொட்டையும் தோலும்

சில ரகங்களில் கொட்டை சதையை விட்டுத் தானே விலகும், சிலவற்றில் ஒட்டிக்கொண்டே இருக்கும். முதல் பழத்தை வெட்டும்போதே தெரிந்துவிடும். பழத்தின் மேல் ஓடும் பள்ளக் கோட்டின் வழியே கத்தியைக் கொட்டைவரை இறக்கி, முழுச் சுற்று வெட்டி, இரண்டு கையாலும் எதிரெதிராகத் திருகுங்கள். விலகும் ரகம் இரண்டு பாதியாக வந்துவிடும். வரவில்லையென்றால் வலுவாகத் திருகாதீர்கள், சதை கூழாகிவிடும். பழத்தை நிறுத்தி வைத்து, ஆரஞ்சுச் சுளை கணக்கில் கொட்டைவரை வெட்டி வெட்டித் துண்டுகளை நெம்பி எடுங்கள். ஒட்டும் ரகத்தைப் பாதியாகவே வைத்துச் செய்யும் பக்குவங்களுக்கு எடுக்காமல், ஜாமுக்கும் கூழுக்கும் ஒதுக்கிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

தோல் உரிக்க: பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். பக்கத்தில் ஐஸ் போட்ட தண்ணீர் தயாராக இருக்கட்டும். பழத்தின் கூர்முனையில் பெருக்கல் குறி போல மேலோட்டமாகக் கீறி, ஒரு ஈட்டுக்கு நாலைந்து பழம் மட்டும் கொதிநீரில் இறக்குங்கள். நன்றாகக் கனிந்ததற்கு 30 வினாடி, சற்றுக் கெட்டியானதற்கு 60 வினாடி. எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் போடுங்கள். கீறிய இடத்தில் தோலின் நுனி சுருண்டு எழும். அதைப் பிடித்து இழுத்தால் பட்டுத்துணி போல முழுசாக வழுக்கிக்கொண்டு வரும். வரவில்லையென்றால் பழம் இன்னும் கனியவில்லை என்று அர்த்தம். கூடுதல் நேரம் கொதிக்க விட்டால் வெளிச்சதை வெந்துவிடும், தோல் அப்போதும் வராது. அதைக் கத்தியால் சீவுங்கள், அல்லது ஒருநாள் பொறுங்கள். ஒரு கிலோ என்பது நடுத்தர அளவில் ஆறு ஏழு பழம். தோலும் கொட்டையும் போக 800 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சதை கிடைக்கும்.

வெட்டிய சதை காற்றுப் பட்டதும் பழுப்பாகும். ஒரு லிட்டர் தண்ணீரில் கால் தேக்கரண்டி வைட்டமின் சி தூளைக் கரைத்து (500 மில்லிகிராம் மாத்திரை இரண்டைப் பொடித்தும் போடலாம்), வெட்ட வெட்ட அதில் போட்டு வையுங்கள். எலுமிச்சைச் சாறும் உதவும், ஆனால் புளிப்பு தெரியும். பத்து நிமிடத்துக்கு மேல் தண்ணீரில் ஊறினால் ருசி வெளியேறிவிடும்.

உடனே தின்பதற்கு

அரைக் கிலோ துண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கிளறி 20 நிமிடம் வைத்தால் தானே பாகு விட்டுக்கொள்ளும். தயிர், ஐஸ்கிரீம், கேக் எதன் மேலும் ஊற்றலாம். உப்பை விட்டுவிடாதீர்கள், அந்தச் சிட்டிகைதான் இனிப்பைத் தூக்கிக் காட்டும். தக்காளித் துண்டுகளோடு பீச், துளசி வகை இலை, மென்மையான பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய், மிளகு சேர்த்தால் நல்ல சாலட். இதற்குச் செங்காயும் கனிந்ததும் பாதிப் பாதி இருப்பது சிறப்பு.

சற்றுக் கெட்டியான பழத்தைப் பாதியாக்கி, வெட்டிய முகம் மேலே இருக்கும்படி தட்டில் அடுக்கி, ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் வெண்ணெயும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் வைத்து, 200 டிகிரி ஓவனில் 20 முதல் 25 நிமிடம் சுடுங்கள். விளிம்பு கருகலாகத் தொடங்கும்போது எடுக்க வேண்டும். ருசி குறைந்த பழத்தையும் இது காப்பாற்றிவிடும்.

ஓவனில் செய்யும் கிரம்பிள் ஒரே தடவையில் ஒரு கிலோவைத் தீர்க்கும். ஒரு கிலோ துண்டில் 80 கிராம் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி சோளமாவு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து தட்டில் பரப்புங்கள். 150 கிராம் மைதா, 100 கிராம் சர்க்கரை, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய் மூன்றையும் விரல் நுனியால் பிசிறி உதிரியாக மேலே தூவி, 190 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம். மேலே சிவந்துவிட்டதே என்று எடுத்துவிடாதீர்கள். தட்டின் நடுவிலும் சாறு குமிழியிட்டுக் கொதிக்க வேண்டும். சோளமாவு கொதித்தால்தான் கெட்டியாகும், இல்லையென்றால் கீழே தண்ணீரும் வாயில் பச்சைமாவு வாடையுமாக இருக்கும்.

ஃப்ரீசர்: அதிகம் தீர்க்கும் வழி

நேரம் இல்லாதவர்கள் ஜாமை மறந்துவிட்டு ஃப்ரீசருக்குப் போகலாம். கனிந்த பழத்தை உரித்து, 1.5 சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கி, வைட்டமின் சி தண்ணீரில் முக்கி, நன்றாக வடித்து, பேக்கிங் தாள் விரித்த தட்டில் ஒன்றுடன் ஒன்று ஒட்டாமல் பரப்புங்கள். நான்கு மணி நேரத்தில் உறைந்துவிடும். உடனே பையில் போட்டு, காற்றை முழுக்க வெளியேற்றி மூடுங்கள். தட்டிலேயே நாள்கணக்கில் விட்டால் காய்ந்து வெள்ளைத் திட்டு விழும். நேராகப் பையில் கொட்டினால் ஒரே பாறையாகிவிடும், வேண்டும்போது கைப்பிடி எடுக்க முடியாது.

கேக்குக்கும் இனிப்புக்கும் என்றால் சர்க்கரை சேர்த்தே உறைய வைப்பது மேல். ஒரு கிலோ துண்டுக்கு 150 முதல் 200 கிராம் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி வைட்டமின் சி தூள் கலந்து, சாறு விடும்வரை 15 நிமிடம் வைத்து, மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு டப்பாவில் அடையுங்கள். உறையும்போது பொருமும் என்பதற்காகத்தான் அந்த இடம். நிறமும் மணமும் இதில் நன்றாக நிற்கும். மைனஸ் 18 டிகிரியில் எட்டு முதல் பன்னிரண்டு மாதம்வரை நல்ல ருசியோடு இருக்கும். பை மேல் தேதியும் எடையும் எழுதி ஒட்டுங்கள். எடை தெரிந்தால்தான் பிறகு ஜாம் போடுவது சுலபம்.

உரிக்கக்கூட நேரமில்லையா? கழுவித் துடைத்து முழுப் பழமாகவே உறைய விடுங்கள். எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டித் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். சதை குழைந்துதான் போகும், கூழுக்கும் ஜாமுக்கும் குறையில்லை.

உறைந்த துண்டு அரைக் கிலோ, சர்க்கரை 60 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி சேர்த்து அரைத்தால் ஐந்து நிமிடத்தில் சோர்பே என்ற பழ ஐஸ் தயார். முதலில் மணல் போல உதிரும், அப்போது தண்ணீர் ஊற்றிவிடாமல் இன்னும் ஒரு நிமிடம் ஓட விடுங்கள், தானே குழையும்.

ஜாம்

பீச்சில் பெக்டினும் குறைவு, புளிப்பும் குறைவு. ஜாம் இறுகாமல் போவதற்குக் காரணம் இந்த இரண்டும்தான். புளிப்புக்கு எலுமிச்சைச் சாறும், பெக்டினுக்குக் கொஞ்சம் செங்காயும் சேர்த்தால் கடைப் பெக்டின் இல்லாமலே மிதமான இறுக்கம் வரும். கல் போல வெட்டியெடுக்கும் ஜாம் வேண்டுமானால் பெக்டின் தூள் வாங்கி, பொட்டலத்தில் போட்ட அளவைப் பிசகாமல் பின்பற்றுங்கள். கரண்டியிலிருந்து மெதுவாகச் சரியும் மென்மையான ஜாம்தான் பீச்சுக்கு அழகு என்பது எங்கள் முடிவு.

உரித்து நறுக்கிய சதை ஒரு கிலோ (முக்கால் பங்கு கனிந்தது, கால் பங்கு செங்காய்), சர்க்கரை 650 கிராம், எலுமிச்சைச் சாறு 60 மில்லி. மூன்றையும் கலந்து, மூடி, ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வையுங்கள். சர்க்கரை கரைந்து துண்டுக்குள் ஏறிவிடுவதால், வேகும்போது துண்டு சிதையாது, பிறகு ஜாடியில் மேலே மிதக்கவும் செய்யாது. மறுநாள் அகலமான, அடி கனத்த பாத்திரத்தில் கொட்டி, சர்க்கரை முழுவதும் கரையும்வரை சிறு தீயில் வைத்து, பிறகு தீயைக் கூட்டுங்கள். பாத்திரம் அகலமாக இருப்பது முக்கியம். குறுகலான பாத்திரத்தில் நீர் வற்ற நேரம் பிடிக்கும். அதற்குள் நிறம் கறுத்து, பழ மணம் போய்க் கருகல் பாகு வாடை வந்துவிடும். அதே காரணத்தால் ஒரு தடவைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் போடாதீர்கள்.

நுரை முதலில் பொங்கி, பிறகு அடங்கி, குமிழ்கள் பெரிதாகிப் பளபளப்பாக, சோம்பேறித்தனமாக வெடிக்கத் தொடங்கும். அங்கிருந்து கிளறுவதை நிறுத்தக் கூடாது. உங்கள் ஊரில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறதோ, அதைவிட 4.5 டிகிரி கூட வந்தால் பதம். கடல் மட்டத்தில் அது 104.5 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால் ஃப்ரீசரில் ஒரு பீங்கான் தட்டை முன்கூட்டியே வையுங்கள். அடுப்பை அணைத்து, ஒரு சொட்டு ஜாமைத் தட்டில் விட்டு, ஒரு நிமிடம் திரும்ப ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். விரலால் சொட்டின் ஓரத்தைத் தள்ளினால் மேலே மெல்லிய சுருக்கம் விழ வேண்டும். விரல் இழுத்த தடத்தில் ஜாம் திரும்ப ஓடி நிரம்பினால் இன்னும் மூன்று நிமிடம் கொதிக்க விட்டு மறுபடி பாருங்கள். சோதிக்கும்போது அடுப்பை அணைக்காவிட்டால், அந்த இரண்டு நிமிடத்திலேயே பதம் தாண்டிவிடும்.

ஆறிய பிறகும் நீர்த்திருந்தால் கவலை வேண்டாம், ஒரு நாள் பொறுங்கள். பெக்டின் இறுக 24 மணி நேரம்கூட ஆகும். அப்போதும் ஓடினால் ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு மறுபடி கொதிக்க வையுங்கள். மாறாக, நாள்பட ஜாமில் சர்க்கரைப் பரல் தட்டினால், முதலில் சர்க்கரை கரையும் முன்பே தீயைக் கூட்டிவிட்டீர்கள் என்று பொருள்.

சுத்தமான சூடான ஜாடியில் நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு வாரம் வரும். வெளியே அலமாரியில் வைக்க வேண்டுமானால் அதற்கென்று உள்ள மூடியிட்ட ஜாடியில், மேலே 6 மில்லிமீட்டர் விட்டு நிரப்பி, கொதிநீரில் முழுக்க மூழ்கவிட்டு 10 நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். 300 மீட்டரைவிட உயரமான ஊரில் நேரத்தைக் கூட்டுங்கள்.

பாகில் போட்டு ஜாடியில் அடைப்பது

இதற்கு மஞ்சள் சதைப் பழம் மட்டுமே. வெள்ளைச் சதை ரகங்களில் சிலவற்றின் புளிப்பு போதாது. புளிப்பைக் காட்டும் பி.எச். எண் (கூடக் கூடப் புளிப்பு குறைவு) 4.6-ஐத் தாண்டிவிட்டால், கொதிநீரில் சாகாத பொட்டுலிசம் கிருமி மூடிய ஜாடிக்குள் நஞ்சு உண்டாக்கலாம். வெள்ளைப் பழத்தை உறைய வையுங்கள், அல்லது தின்றுவிடுங்கள். அதன் ஜாமையும் ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

ஒரு லிட்டர் ஜாடிக்கு 1.1 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பழம் பிடிக்கும். நான்கு கப் தண்ணீருக்கு ஒரு கப் சர்க்கரை என்ற கணக்கில் பாகு கொதிக்கட்டும். உரித்த பாதிகளை அதில் போட்டு ஒரு கொதி வந்ததும், வெட்டிய முகம் கீழே இருக்கும்படி ஜாடியில் அடுக்கி, சூடான பாகை ஊற்றி, மேலே 1.3 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். பக்கவாட்டில் மெல்லிய குச்சியை விட்டுக் காற்றுக்குமிழியை வெளியேற்றி, விளிம்பைத் துடைத்து மூடுங்கள். கொதிநீரில் அரை லிட்டர் ஜாடி 20 நிமிடம், ஒரு லிட்டர் ஜாடி 25 நிமிடம். இது 300 மீட்டர் உயரம் வரையிலான கணக்கு. அதற்கு மேல் 900 மீட்டர் வரை 25, 30 நிமிடம். 1,800 மீட்டர் வரை 30, 35. அதையும் தாண்டினால் 35, 40. பச்சையாகவே அடுக்கினால் பழம் பாகில் மிதக்கும், நேரமும் கூடுதலாக வேண்டும். ஒரு கொதி விட்டு அடுக்குவதே உத்தமம். மறுநாள் மூடியின் நடுவை அழுத்திப் பாருங்கள். டக்கென்று உள்ளே போய் எழுந்தால் மூடி பிடிக்கவில்லை, அந்த ஜாடியை ஃபிரிட்ஜில் வைத்து முதலில் தீர்த்துவிடுங்கள்.

குழைந்ததும் காய்ந்ததும்

கன்றிய இடம் நீக்கிய குழைந்த பழத்தை அரைத்துக் கூழாக்கி, 2 கிலோ கூழுக்கு 400 கிராம் சர்க்கரையும் 60 மில்லி எலுமிச்சைச் சாறும் சேர்த்து, அகலத் தட்டில் ஊற்றி 150 டிகிரி ஓவனில் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஓரத்தை வழித்துக் கிளறினால், இரண்டரை மூன்று மணி நேரத்தில் ரொட்டிக்குத் தடவும் கெட்டிக் கூழ் கிடைக்கும். அடுப்பில் வைத்தால் சுடச்சுடத் தெறிக்கும், அடிப்பிடிக்கும், அதனால்தான் ஓவன். கெட்டியான கூழை ஜாடியில் வெளியே வைக்க முயலாமல் உறைய வையுங்கள்.

உலர்த்துவதற்கு 6 மில்லிமீட்டர் கனத் துண்டு. உலர்த்தியில் 57 முதல் 60 டிகிரியில் எட்டு முதல் பதினான்கு மணி நேரம். ஆறிய துண்டை இரண்டாகக் கிழித்து நசுக்கினால் ஈரம் கசியக் கூடாது, தோல் போல வளைய வேண்டும். சதை எடையில் ஏழில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதை உடனே அடைத்து வைத்துவிடாமல், ஜாடியில் முக்கால் பாகம் போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். ஈரம் எல்லாத் துண்டுக்கும் சமமாகப் பரவும். ஜாடிச் சுவரில் வேர்வை கண்டால் திரும்ப உலர்த்த வேண்டும்.

கனியாத கல் பதத்துக்கு: வினிகர் 250 மில்லி, தண்ணீர் 250 மில்லி, சர்க்கரை 150 கிராம், உப்பு 2 தேக்கரண்டி, கொஞ்சம் மிளகும் இஞ்சித் துண்டும் போட்டுக் கொதிக்க வைத்து, அரைக் கிலோ துண்டின் மேல் சூடாக ஊற்றுங்கள். ஒரு நாள் ஊறியதும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தின்னலாம், இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

பீச் தின்றதும் உதடும் வாயும் அரிக்கிறவர்கள் உண்டு. தொண்டை இறுகுவது, மூச்சு முட்டுவது, உடம்பில் தடிப்பு என்று போனால் அது அவசரம், உடனே மருத்துவ உதவி வேண்டும். கொட்டையை உடைத்து உள்ளிருக்கும் பருப்பை மணத்துக்காகச் சேர்க்கச் சொல்வார்கள், சேர்க்காதீர்கள். அதில் உள்ள அமிக்டலின் வயிற்றுக்குள் போய் சயனைடாக மாறும்.

தோலை எறிய வேண்டாம். சிவந்த தோலில்தான் நல்ல நிறம் இருக்கிறது. ஒரு கிலோ பழத்தின் தோலோடு 250 கிராம் சர்க்கரை, 250 மில்லி தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் 15 நிமிடம் கொதிக்க விட்டு வடிகட்டி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். மங்கலாக இருந்த பாகு புளிப்பு பட்டதும் கண் முன்னாலேயே ரோஜா நிறமாகும். குளிர்ந்த சோடாவில் இரண்டு மேசைக்கரண்டி விட்டுக் குடிக்கலாம். ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் நிற்கும்.